இலவச மயிலுக்கும் உரிமையாளர் உண்டு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மயில் வடிவக் கைபேசித் தாங்கியின் முப்பரிமாண மாதிரி ஒன்றைப் (முப்பரிமாணப் பிரிண்டரில் பொருளாக அச்சிடுவதற்கான கணினிக் கோப்பு) பதிவிறக்கினார். தோகையை அகலமாக்கினார், பெரிய கைபேசியும் நிற்கும்படி பள்ளத்தை விரித்தார், அடியில் தன் கடையின் பெயரைப் பொறித்தார். பிறகு அதை வேறொரு தளத்தில், ‘யாரும் எப்படியும் பயன்படுத்தலாம்’ என்ற குறிப்போடு பதிவேற்றினார். மூலத்தை வடிவமைத்தவர் புகார் செய்தார்; தளம் பதிவை நீக்கிவிட்டது. “இலவசமாகக் கிடைத்ததை இலவசமாகத்தானே கொடுத்தேன்? முப்பது சதவீதத்துக்கு மேல் மாற்றியும் இருக்கிறேன். இதில் என்ன திருட்டு? கொலுவுக்கு நூறு மயில் அச்சிட்டு விற்கலாம் என்று இருந்தேன், அதுவும் கூடாதா?” என்று கேட்கிறார். மூலப் பக்கத்தில் இருந்த உரிமத்தையும் அனுப்பியிருக்கிறார். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது படைத்தவர் சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம், பதிப்பு 4.0, பெயர் குறிப்பிட வேண்டும், வணிகம் கூடாது, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற வகை.

நண்பரே, அந்த முப்பது சதவீதக் கணக்கை முதலில் குப்பையில் போடுங்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஓர் எண் எங்கும் இல்லை. அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. யாரோ கிளப்பிவிட்ட கதை, ஓவியர்களிடம் ஓர் எண்ணாகவும் இசைக்காரர்களிடம் வேறோர் எண்ணாகவும் உலவுகிறது. மூலத்திலிருந்து எதை எடுத்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் கேட்கும். அதோடு, சதவீதத்தை எதை வைத்து அளப்பீர்கள்? உங்கள் கோப்பு முக்கோணங்களால் பின்னிய வலை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரீமெஷ் என்ற கட்டளையை ஒரு தடவை கொடுத்தால் அத்தனை முக்கோணங்களும் புதிதாகிவிடும். கணக்குப்படி நூறு சதவீத மாற்றம். திரையில் நிற்பதோ அதே மயில்.

உங்கள் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலத்தை வடிவமைத்தவர் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்கிறார். தோகையை அகலமாக்கலாம். பள்ளத்தை விரிக்கலாம். மாற்றிய மயிலை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். பதிலுக்கு அவர் கேட்டது கொஞ்சம்தான்: என் பெயரைச் சொல், மூலத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்புக் கொடு, மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல், நீ வெளியிடுவதையும் இதே உரிமத்தில் வெளியிடு, காசாக்காதே. முதல் மூன்றையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள், நான்காவதைத் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். ‘யாரும் எப்படியும்’ என்று எழுதியபோது, விற்கக்கூடாது என்று அவர் போட்ட நிபந்தனையை அவருடைய சார்பில் நீங்களே கைவிட்டீர்கள். ‘எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்’ என்றவரின் கிணற்றை ஊராருக்குக் குத்தகை எழுதிக் கொடுத்த கதை இது. போதாக்குறைக்கு அடியில் உங்கள் கடையின் பெயர் மட்டும் இருக்கிறது. பார்க்கிறவர் அது முழுக்க உங்கள் கைவேலை என்றுதான் நினைப்பார்.

இருந்தாலும் திருட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அலட்சியம் என்று சொல்லலாம், அதற்கு மருந்தும் இருக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாக முடிந்துபோகும். மீறல் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால் அது தானாகத் திரும்பி வரும். 2013 நவம்பரில் வெளியான 4.0 பதிப்பில்தான் இந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய 3.0-இல் இல்லை, பழைய மாதிரிகள் பல இன்னும் 3.0-இலேயே இருப்பதால், பதிப்பு எண்ணைப் பார்க்கும் பழக்கம் நல்லது. நடந்து முடிந்த மீறலுக்காக அவர் கேள்வி கேட்கும் உரிமை அப்படியே இருக்கும் என்றாலும், தானாக முன்வந்து திருத்திக்கொண்டவர் மேல் யாரும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

பெயர் தொலைந்துபோவதற்குப் பாதிக் காரணம் மனிதர்களின் குணம் என்றால், மறுபாதிக் காரணம் கோப்பின் வடிவம். நாம் எல்லோரும் கைமாற்றிக்கொள்ளும் எஸ்டிஎல் வடிவம் 1987-இல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களுக்காகப் பிறந்தது. பைனரி எஸ்டிஎல் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள்: தொடக்கத்தில் 80 பைட் தலைப்பு, அடுத்த 4 பைட்டில் முக்கோணங்களின் எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 50 பைட். அவ்வளவுதான் கோப்பு. யார் செய்தது, என்ன உரிமம் என்று எழுத இடமே இல்லை. அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதற்குக்கூட இடமில்லை. அந்த 80 பைட்டில் பல மென்பொருள்கள் தங்கள் பெயரைத்தான் எழுதிக்கொள்கின்றன. ஆக, வலைப்பக்கத்தில் இருந்த பெயரும் நிபந்தனையும் நீங்கள் பதிவிறக்கப் பொத்தானை அழுத்திய கணத்திலேயே பின்தங்கிவிடுகின்றன. உங்கள் கணினிக்கு வந்து சேர்வது ‘மயில்_கடைசி_2’ என்ற அநாதை. ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கும்போது, எங்கே எடுத்தோம் என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

2015-இல் வந்த 3எம்எஃப் வடிவம் இந்த விஷயத்தில் தேவலாம். அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்பின் வால்பெயரை ஜிப் என்று மாற்றினால் உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம். தலைப்பு, வடிவமைத்தவர், பதிப்புரிமை, உரிம விதிகள் ஆகியவற்றுக்கென்று அதில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்புகிறவர்கள் குறைவு. நான் 3எம்எஃப் கிடைத்தாலும் எஸ்டிஎல் கிடைத்தாலும், பதிவிறக்கும் அதே நிமிடத்தில் அதே கோப்புறையில் ஓர் உரைக் கோப்பு உருவாக்கி, பக்கத்தின் முகவரி, வடிவமைத்தவரின் பெயர், உரிமம், தேதி நான்கையும் ஒட்டிவைத்துவிடுவேன். இந்தப் பழக்கம் எனக்குப் பட்டறிந்து வந்தது.

நான் கோவையில் சிறிய முப்பரிமாண அச்சுப் பட்டறை நடத்துகிறேன். எங்கள் வீட்டு கிரைண்டரின் மூடியில் இருந்த குமிழ் உடைந்துவிட்டது. குமிழ் மட்டும் கடையில் கிடைக்காது, மூடியையே வாங்கு என்பார்கள். வெர்னியர் காலிப்பரில் அளந்து, 5 மில்லிமீட்டர் திருகுக்கான துளையோடு ஒரு குமிழ் வரைந்து அச்சிட்டேன். கை வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் வரிகள். நன்றாக வந்ததால் கோப்பை இணையத்தில் போட்டேன். என் பெயரைச் சொன்னால் போதும், விற்கவும் செய்யலாம் என்ற உரிமம். ஒரு வருடம் போயிருக்கும், வாடிக்கையாளர் ஒருவர் விற்பனைத் தளம் ஒன்றின் படத்தைக் காட்டி, “இது உங்கள் வீட்டு நாள்காட்டிதானே?” என்றார். ஆமாம். குமிழுக்குப் பின்னால் எங்கள் சமையலறைச் சுவர், அதில் ஆடி மாதத் தாளோடு தொங்கும் தினசரி நாள்காட்டி. துளை 6 மில்லிமீட்டராகியிருந்தது. விலை 149 ரூபாய். என் பெயர் எங்கும் இல்லை.

கோபத்தோடு சட்டத்தைப் புரட்டினேன். புரட்டப் புரட்டக் கோபம் இறங்கியது. இந்தியச் சட்டத்தின் 2(சி) பிரிவு சிற்பத்தையும் வரைபடத்தையும் புகைப்படத்தையும் கலைப்படைப்பாகக் கொள்கிறது, அதில் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சரி என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் 15-ஆவது பிரிவு வந்து நிற்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவுசெய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவுசெய்யாமல் விட்டு, அதைப் பொருளில் இட்டு, உரிமையாளரோ அவருடைய உரிமம் பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவத்தின் பதிப்புரிமை அத்தோடு தீர்ந்தது. 52-ஆவது பிரிவில் இன்னொரு ஓட்டை: கருவியின் முழுக்க முழுக்கப் பயன்பாட்டுக்கான பகுதியை, தொழில்நுட்ப வரைபடத்திலிருந்து முப்பரிமாணப் பொருளாகச் செய்வது மீறலே ஆகாது. கலைப்படைப்பு எங்கே முடிந்து வடிவமைப்பு எங்கே தொடங்குகிறது என்ற இந்தச் சிக்கலை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, எரிவாயு லாரிகளின் வரைபடங்கள் பற்றிய கிரையோகேஸ் வழக்கில், மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருந்தது. பொருளின் பயன்பாடு மேலோங்கியிருக்கிறதா, அழகு மேலோங்கியிருக்கிறதா என்று பார் என்பது அதில் சொன்ன சோதனைகளில் ஒன்று. கிரைண்டர் குமிழ் அந்தச் சோதனையில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

உங்கள் மயில் என் குமிழைவிடப் பலமான இடத்தில் நிற்கிறது, ஏனென்றால் தோகையின் வளைவு கைபேசியைத் தாங்குவதற்காக வந்ததில்லை. அதற்கும் 50 தடவைக் கணக்கு உண்டு. இலவச உரிமம் பெற்ற ஆயிரம் பேர் ஆயிரம் வீடுகளில் ஆளுக்கொன்று அச்சிடுவது தொழில்முறை உற்பத்தி ஆகுமா என்று கேட்டால், கறுப்பு அங்கிக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடலாம்.

என் வழக்கில் உறுதியாக நின்றது எது தெரியுமா? புகைப்படம். குமிழுக்குப் பதிப்புரிமை உண்டா என்பது சந்தேகம். நாள்காட்டியோடு நான் எடுத்த படத்துக்கு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. இலவச மாதிரிகளை எடுத்து விற்பவர்கள் பலர் படத்தையும் விளக்கத்தையும் சேர்த்தே எடுத்துப் போடுகிறார்கள். மாதிரியை அச்சிட்டுச் சொந்தமாகப் படம் எடுக்கும் சோம்பல்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

உழைப்புக்கும் பதிப்புரிமைக்கும் நேரடி உறவு இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் செய்து வெளியிடுபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் மெஷ்வெர்க்ஸ் என்ற நிறுவனம் டொயோட்டா கார்களை அங்குலம் அங்குலமாக அளந்து கணினி மாதிரிகளாகச் செய்து கொடுத்தது. ஒரு காருக்கு 80 முதல் 100 மணி நேரம் பிடித்தது. கூலி பேசிய விளம்பரத்தையும் தாண்டி அந்த மாதிரிகளைப் பயன்படுத்தினார்கள் என்று வழக்குப் போட்டபோது, 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இருப்பதை இருக்கிறபடியே நகலெடுத்திருக்கிறீர்கள், உங்களுடையது என்று எதையும் சேர்க்கவில்லை, ஆகவே பதிப்புரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். எழுதிய நீதிபதி நீல் கோர்சச், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். நம் உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பு போதாது, துளியாவது படைப்பாற்றல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் நெஃபர்டிட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெர்லினில் இருக்கும் எகிப்திய அரசியின் மார்பளவுச் சிலை, 3,300 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதன் முப்பரிமாண ஸ்கேன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது என்று தெரிந்து, காஸ்மோ வென்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் கேட்டார். மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2019-இல் கோப்பு வந்தது. சிலையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பாகத்தில் உரிமம் பொறித்திருந்தது: கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடுக, வணிகம் கூடாது, அதே உரிமத்தில் பகிர்க. உங்கள் மயிலுக்கு இருக்கிற அதே உரிமம்! மூவாயிரம் ஆண்டுக்கு முன் செத்த சிற்பியின் வேலைக்கு ஓர் அருங்காட்சியகம் எந்த உரிமையில் நிபந்தனை போடுகிறது? பதிப்புரிமை இல்லாத இடத்தில் போட்ட உரிமம் வெறும் எழுத்து. பொது உரிமைப் பரப்புக்கு (பதிப்புரிமை இல்லாமல் யாரும் பயன்படுத்தும் நிலைக்கு) வந்துவிட்ட காட்சிக் கலைப்படைப்பை அப்படியே நகலெடுத்தால் அந்த நகலுக்குப் புது உரிமை பிறக்காது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதே 2019-இல் சட்டவிதியாகவே கொண்டுவந்தது.

ஆகவே உரிமக் குறிப்பைப் பார்த்ததும் பணிந்துவிடவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அந்தக் குறிப்பைப் போட அவருக்கு உரிமை இருந்ததா என்றும் ஒரு தடவை பார்க்க வேண்டும். கார்ட்டூன் பாத்திரங்களின் மாதிரிகளில் இதே கேள்வி மறுபக்கமாக வரும். யாரோ ஒரு ரசிகர் புகழ்பெற்ற பாத்திரத்தைச் செதுக்கி ‘விற்கலாம்’ என்று உரிமம் போட்டிருப்பார். பாத்திரத்தின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும்போது அவர் கொடுத்த அனுமதிச் சீட்டு செல்லாது. கொலுவில் வைக்க ஒன்று அச்சிட்டால் யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. கடை போட்டால் தட்டுவார்கள்.

‘மாற்றக்கூடாது’ என்ற உரிமத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், அடுத்து நீங்கள் இடறப்போவது அங்கேதான். முப்பரிமாணப் பிரிண்டர் வாங்கிய எல்லோரும் முதல் வாரத்தில் அச்சிடும் குட்டிப் படகு ஒன்று உண்டு, 3டி பென்சி. நீளம் 60 மில்லிமீட்டர். பின்புறப் பலகையில் மிகச் சிறிய எழுத்தில் அதன் பெயர் இருக்கும். அது தெளிவாக விழுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பது எங்கள் தொழிலில் ஒரு சடங்கு. சுவீடனின் கிரியேட்டிவ் டூல்ஸ் நிறுவனம் 2015 ஏப்ரலில் வெளியிட்ட அந்தப் படகின் உரிமம், மாற்றிய வடிவங்களைப் பகிரக்கூடாது என்றது. யார் கேட்டார்கள்? சக்கரம் வைத்த படகு, பூந்தொட்டிப் படகு என்று பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் வந்தன, உரிமையாளர் வாய்திறக்கவில்லை. 2025 ஜனவரியில், மூன்றாம் நபர் ஒருவரின் புகாரை அடுத்து, மாதிரிகளைப் பகிரும் பிரிண்டபிள்ஸ் தளம், மாற்றிய படகுகளை நீக்கத் தொடங்கியதும் ஒரே அமளி. கிரியேட்டிவ் டூல்ஸை வாங்கியிருந்த என்டிஐ நிறுவனம், நீக்கச் சொன்னது நாங்கள் இல்லை என்றது. அடுத்த மாதமே படகைப் பொது உரிமைப் பரப்புக்கு விட்டுவிட்டது.

நல்லபடியாக முடிந்த கதைதான். ஆனால் அந்தச் சில வாரங்களில், பத்தாண்டு மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொண்டவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். நுணுக்கம் ஒன்று: 4.0 பதிப்பில் ‘மாற்றக்கூடாது’ என்பதன் பொருள், மாற்றியதைப் பிறரோடு பகிராதே என்பதுதான். உங்கள் வீட்டுக்குள் படகைப் பிளந்து சோப்புப் பெட்டியாக்கினாலும் உரிமம் தடுக்காது. என் சொந்தக் கருத்து, சிற்பத்துக்கு இந்த உரிமம் போடுபவரின் மனதைப் புரிந்துகொள்ள முடிகிறது. குழாய் மூடிக்கும் அலமாரிக் கொக்கிக்கும் போடுபவர், பேசாமல் கோப்பைத் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம்.

இனி நூறு மயில். விற்கக் கூடாது, எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒன்றுகூட விற்கக் கூடாது. ‘ஃபிலமென்ட் (அச்சிடும் பிளாஸ்டிக் இழை) செலவுக்கு மட்டும்தான் காசு வாங்குகிறேன்’ என்பதெல்லாம் கடைப் பலகை மாட்டியவர் வாயில் எடுபடாது. வாடிக்கையாளரே கோப்பைக் கொண்டுவந்து தனக்கு ஒன்று அச்சிட்டுத் தரச் சொன்னால் என்ன என்பது வேறு கேள்வி. இதே ‘வணிகமின்மை’ உரிமத்தில் வெளியான கணிதப் பாடங்களைப் பள்ளிகளுக்காகக் காசு வாங்கி நகலெடுத்துக் கொடுத்த ஃபெடெக்ஸ் ஆஃபீஸ் மீது கிரேட் மைண்ட்ஸ் என்ற பதிப்பகம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பயன்படுத்துவது பள்ளி, கடை அதன் கைபோல வேலை செய்தது, ஆகவே மீறல் இல்லை என்று 2018-இல் தீர்ப்பாயிற்று. ஆஃபீஸ் டிப்போ மீது போட்ட வழக்கிலும் 2019-இல் அதே முடிவு. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது. நான் என் பட்டறையில் வைத்திருக்கும் கோடு இதுதான்: வருபவர் கொண்டுவந்த கோப்பு, அவர் சொந்தப் பயன்பாடு என்றால் இயந்திர நேரத்துக்குக் காசு வாங்கி அச்சிட்டுக் கொடுப்பேன், அதையே கூடுதலாக இரண்டு அடித்து கண்ணாடி அலமாரியில் வைக்க மாட்டேன்.

கொலு ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அவருக்கு எழுதிக் கேளுங்கள். எத்தனை, என்ன விலை, எவ்வளவு காலம் என்று மூன்றையும் சொல்லிக் கேட்டால் பலர் சம்மதிக்கிறார்கள். சிலர் மாதச் சந்தாவாக வணிக உரிமமே தருகிறார்கள். பதில் வராவிட்டால் அது மறுப்பு என்றே கொள்ளுங்கள்.

சட்டம் எட்டாத இடங்களிலும் சில மரியாதைகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக ஆராய்ச்சிக்கென்று முப்பரிமாண ஸ்கேன்களை இலவசமாகக் கொடுத்துவருகிறது. அவற்றில் புத்தர் உண்டு, சீன டிராகன் உண்டு, இந்து சமயக் கூறுகள் கொண்ட தாய்லாந்துச் சிலை உண்டு, மண்ணில் செய்த முயல் பொம்மை ஒன்றும் உண்டு. பக்கத்தில் ஒரு வேண்டுகோள்: புத்தர் போன்றவற்றைச் சிதைக்காதீர்கள், உருக்காதீர்கள், வெடிக்கவைத்துக் காட்டாதீர்கள், அப்படியெல்லாம் செய்துபார்க்க ஆசை என்றால் முயலை எடுத்துக்கொள்ளுங்கள். இதை மீறினால் வழக்கு வரும் என்று தோன்றவில்லை. ஆனாலும் கணினி வரைகலை ஆய்வுகளில் உருகுவதும் நொறுங்குவதும் பெரும்பாலும் அந்தப் பாவப்பட்ட முயலாகவே இருக்கிறது. பெயரும் அப்படித்தான். நாட்டுடைமையான நூலை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், கேட்க ஆளில்லை. அதற்காகப் பாரதியின் கவிதையைத் தன் பெயரில் அச்சிடுகிறவர் யார்? இந்தியாவில் இந்த மரியாதைக்குச் சட்டத்தின் முதுகெலும்பும் கொஞ்சம் இருக்கிறது. படைப்பின் உரிமையை விற்றுவிட்ட பிறகும், ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே தங்கும் என்கிறது 57-ஆவது பிரிவு. விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துப் போட்டுவைத்த தன் சுவர்ச் சிற்பத்துக்காகப் போராடிய அமர்நாத் சேகலுக்கு 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை வைத்துத்தான் நியாயம் வழங்கியது.

எதையும் மாற்றாமல் அப்படியே இன்னொரு தளத்தில் ஏற்றுவதை, உரிமம் அனுமதித்தாலும் நான் செய்வதில்லை. மூலத்தை வடிவமைத்தவர் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்துவார். நீங்கள் ஏற்றிவைத்த பிரதியில் பிழை அப்படியே கிடக்கும், திட்டு மட்டும் அவருக்குப் போகும். இணைப்பைக் கொடுத்தால் போதுமே.

உங்கள் மயிலை மறுபடி ஏற்றும்போது விளக்கத்தின் முதல் வரிகளிலேயே, ‘மேலும் படிக்க’ என்பதற்குக் கீழே ஒளிக்காமல், இப்படி எழுதுங்கள்: ‘இது இன்னார் வடிவமைத்த மயில் தாங்கியின் மாற்று வடிவம். மூலம் இங்கே. தோகையை அகலமாக்கி, கைபேசிப் பள்ளத்தை விரித்திருக்கிறேன். மூலத்தைப் போலவே இதுவும் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடுதல், வணிகமின்மை, அதே உரிமத்தில் பகிர்தல் 4.0.’ ‘இன்னார்’ என்ற இடத்தில் அவர் பெயர், ‘இங்கே’ என்ற இடத்தில் இணைப்பு. அடியில் இருக்கும் கடைப் பெயரை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் பெயரையும் பக்கத்தில் பொறியுங்கள். ஏற்றிய பிறகு இணைப்பை அவருக்கே அனுப்பி, தவறு நடந்துவிட்டது, திருத்திவிட்டேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். கொலு பற்றி அந்தக் கடிதத்தில் கேட்க வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

குமிழ் விற்றவருக்கு நானும் எழுதினேன். முதல் கடிதம் எழுதியதைக் கிழித்துவிட்டு இரண்டாவதைத்தான் அனுப்பினேன். படத்தை எடுத்துவிடுங்கள், பெயரைப் போடுங்கள், விற்பதில் எனக்கு வருத்தமில்லை என்று. மூன்று நாளில் நாள்காட்டி மறைந்தது, என் பெயர் வந்தது. துளையை ஏன் 6 மில்லிமீட்டராக்கினீர்கள் என்று கேட்டிருந்தேன். பழைய மாடல் மூடிகளில் அந்தத் திருகுதான் வருகிறது என்று படத்தோடு பதில் அனுப்பினார். இப்போது என் பக்கத்தில் இரண்டு துளைக்கும் கோப்பு இருக்கிறது. 6 மில்லிமீட்டர் கோப்பின் கீழே அவர் பெயர்.